நான் தொழ வைக்காத ஜனாஸா

வலது கையின் மூன்று விரல்கள் பேனாவைப் பிடிக்கும் அளவுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதலாம். அதற்குமேல் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. எனக்கு வந்தது அடிக்கடி கேள்விப்படுகிற நோய் இல்லை. பிழைத்தவர்கள் எழுதி வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவும் என்று மருத்துவர் சொன்னார். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காதர் பாயின் மகன் யூசுபை விட்டுவிட்டு இதை எழுத வரவில்லை. இரண்டு முறை முயன்று கிழித்துப் போட்டேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆரணியில் பதினெட்டு வருடம் ஒரே பள்ளிவாசலில் இமாமாக இருந்தவன் நான். எங்கள் பக்கம் இமாமை ஹஜ்ரத் என்பார்கள். காதர் பாய் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரத்தில் சாயப்பட்டறைக்கும் தறிக்காரர் வீடுகளுக்கும் பட்டு நூல் மூட்டைகள். அவருக்கு ஒரே மகன் யூசுப். ஜக்கார்டு தறிக்குக் கம்ப்யூட்டரில் பூ வேலைப்பாடு போட்டுக் கொடுப்பான். அவனுக்கு இருபத்துமூன்று வயது. ஆறு வயதில் என்னிடம்தான் அரபி எழுத்து அலிஃப், பே கற்றுக்கொண்டான். கடைசி இரண்டு வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவந்தான். அது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்து மறுநாள் மதியத்துக்கு மேல்தான் உடலைக் கொடுத்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் காதர் பாய் பள்ளிவாசல் படியில் வந்து நின்றார். மேலே ஏறவில்லை.

"ஹஜ்ரத், பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணணும். வந்து ஜனாஸா தொழ வெச்சிடுங்க."

ஜனாஸா என்பது இறந்தவருக்காக ஊர் கூடி நின்று தொழுவது. ஒரு முஸ்லிமுக்கு இந்த உலகத்தில் மற்றவர்கள் செய்யும் கடைசிக் கடமை அது.

"நான் வரமாட்டேன், காதர் பாய். தன் உயிரைத் தானே எடுத்துகிட்டவருக்கு இமாம் தொழ வைக்காம ஒதுங்கணும்னு கிதாபுல இருக்குது. வேற யாராவது வைக்கட்டும். நான் தடுக்கல."

"அவனுக்கு உடம்பு சரியில்லாம இருந்திச்சு, ஹஜ்ரத். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். ஆனா நாளைக்கு இன்னொரு பையனுக்கு இது பாடமா இருக்கணும்."

அவர் படியிலிருந்து இறங்கினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கிதாபில், அதாவது மார்க்கச் சட்ட நூலில், இருந்தது 'ஒதுங்கலாம்' என்பது. அதுவும் பல பெரியவர்கள் ஏற்காத கருத்து. நான்தான் 'ஒதுங்கணும்' என்று சொன்னேன். ஹஜ்ரத் வராத ஜனாஸாவுக்கு ஊரும் வரவில்லை. ஏழு பேர் நின்றார்களாம். மகனுக்குத் தகப்பனே முன்னால் நின்று தொழ வைத்தார். அதன்பின் காதர் பாய் எங்கள் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். தெருவில் எதிர்ப்பட்டால் சலாம் சொல்வார், நிற்கமாட்டார். அந்த வாரம் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். மார்க்கத்தைக் காத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மாதம் கழித்து, ரமலானுக்குக் கொஞ்ச நாள் முன்பு, எனக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு வந்து நின்றது. அதை மறந்தும்விட்டேன். அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மிம்பரில், அதாவது பிரசங்க மேடையில் ஏறி நின்று பேசி முடித்தேன். இறங்கக் காலை எடுத்து வைத்தால் கால் அங்கே இல்லை. மூன்று படிதான். முகம் குப்புற விழுந்தேன். சர்க்கரை குறைந்திருக்கும் என்று யாரோ வாயில் பேரீச்சம்பழம் வைத்தார்கள்.

சனிக்கிழமை காலை டீ கிளாஸ் கையில் நிற்கவில்லை. என் மனைவி ஷகீலா வாயில் ஊற்றினாள். பாதி மூக்கு வழியாக வந்தது. எங்கள் மகன் சவூதியில், தம்மாமில் வேலை செய்கிறான். மகள் கட்டிக்கொடுத்த இடம் ஆம்பூர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஷகீலா வெளியே ஓடினாள். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற வண்டி காதர் பாயின் ஆட்டோ ஒன்றுதான்.

அங்கே நடந்ததை அவள் பல மாதம் கழித்துத்தான் சொன்னாள். கதவைத் திறந்தது யூசுபின் தாய் மும்தாஜ். ஷகீலா விஷயத்தைச் சொன்னாள். மும்தாஜ் உள்ளே போனாள். இனி வரமாட்டாள் என்று ஷகீலா திரும்பி நடக்க ஆரம்பித்தபோது, மும்தாஜ் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து, முகம் கழுவிக்கொண்டிருந்த கணவர் கையில் வைத்தாளாம்.

காதர் பாய் என்னைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். என் தலை அவர் தோளில் தொங்கியது. அவர் சட்டையில் பெட்ரோல் வாசனை. அப்போது எனக்கு வெட்கம்கூட வரவில்லை. மூச்சு வாங்குவதே பெரிய வேலையாக இருந்தது.

ஆரணி அரசு மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டரம்மா என் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. மறு காலிலும் துள்ளவில்லை. ஒரே மூச்சில் எண்களை எண்ணச் சொன்னார். பதினொன்றில் எனக்கு மூச்சு நின்றது.

"இவரை உடனே வேலூருக்கு எடுத்துட்டுப் போகணும். நரம்பு சம்பந்தப்பட்டது. மூச்சுத் தசைக்கும் ஏறிகிட்டு இருக்கு," என்றார். "கூட ஆம்பள யாராவது இருக்கீங்களா?"

"நான் இருக்கறேங்க," என்றார் காதர் பாய்.

ஆட்டோவை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். கண்ணமங்கலம் தாண்டும்போது வண்டி குலுங்கியது. என் தலை உருளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. முதுகெலும்பு இடுக்கில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கைகால்களில் கம்பி ஒட்டி, சின்னச் சின்னதாக மின்சாரம் விட்டு, நரம்பில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். மருத்துவர் ஷகீலாவையும் காதர் பாயையும் நிற்கவைத்து விளக்கியது என் காதில் விழுந்தது.

"கில்லன் பாரேன்னு பேரு. வயித்துல வந்த கிருமியை எதிர்க்கறதுக்கு உடம்பு உண்டாக்கின சக்தி, இப்ப ஆள் தெரியாம சொந்த நரம்பையே தாக்குது. ஒயர் மேல பிளாஸ்டிக் இருக்குதில்ல, அது உரிஞ்சு போனா கரண்டு போகுமா? அந்த மாதிரி. மூளைக்கு ஒண்ணும் ஆகல. எல்லாம் தெரியும், வலி தெரியும். அசையத்தான் முடியாது."

"திரும்பி வருங்களா?" என்று ஷகீலா கேட்டாள்.

"நெறைய பேருக்கு வரும். மெதுவா வரும். அதுக்குள்ள மூச்சைக் காப்பாத்தணும்."

அன்று மாலையே மூச்சுக்காக வாய் வழியாகக் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைத்தார்கள். ஐந்து நாள் நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள். மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சக்தி அது, தாறுமாறாகத் தாக்குவதை அடக்கும் என்றார்கள். அந்த ஐந்து நாளும் நான் மேலும் மேலும் கீழே போனேன். கை போனது. கழுத்து போனது. முகம் போனது. கண் இமைகள் மூடாமல் நின்றதால், காய்ந்து போகாதிருக்க மருந்து தடவி, தூங்கும் நேரத்தில் டேப் ஒட்டினார்கள். கண்மணியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்த முடிந்தது. அது ஒன்றுதான் மிச்சம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் விளக்கை அணைப்பதே இல்லை. எது பகல், எது இரவு என்று நர்சுகள் ஷிஃப்ட் மாறும்போதுதான் தெரியும். உடம்பு கல்லாகக் கிடக்கும், உள்ளே தீயில் வாட்டுவதுபோல எரியும். போர்வை கால் கட்டைவிரலில் உரசினால்கூட உயிர் போகும். சளியை உறிஞ்சக் குழாய்க்குள் இன்னொரு குழாய் விடுவார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் மூழ்குவதுபோல இருக்கும். இதை நான் மிகைப்படுத்தவில்லை. இப்போது இதே நோயோடு படுத்திருப்பவர்களின் வீட்டார் இதைப் படித்தால், உங்கள் ஆளுக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் வலிக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அவரிடம் பேசுங்கள்.

பக்கத்துக் கட்டிலில் பெரணமல்லூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவரை நான் பார்த்ததில்லை, கழுத்து திரும்பாது. அவர் மனைவி பார்வை நேரத்தில் வந்து எருமை கன்று போட்டதையும், பக்கத்து வீட்டுக்காரன் வரப்பைத் தள்ளி வைத்ததையும் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு முற்பகலில் அவருடைய இயந்திரம் வேறு மாதிரி ஒலித்தது. காலடிகள் ஓடின. திரையை இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாச் சத்தமும் ஓய்ந்தது. அந்த அம்மாள் வெளியே நின்று எழுப்பிய ஓலம் கண்ணாடிக் கதவு வழியாக மெலிதாகக் கேட்டது. கட்டிலைத் துடைத்த மருந்து வாசனை மட்டும் மதியம்வரை இருந்தது.

இதற்கிடையில் ரமலான் பிறந்துவிட்டது. ஷகீலா காதருகில் குனிந்து, "பிறை பாத்துட்டாங்க," என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக நோன்பு இல்லாத ரமலான். நோயாளிக்கு நோன்பு இல்லை, முடியாதவன் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவன் படுத்துத் தொழலாம் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பவனைப்போலச் சொல்லியிருக்கிறேன். தலையைக்கூட அசைக்க முடியாதவனுக்கு அந்த நேரத்துத் தொழுகையே தள்ளிப்போகிறது என்று நான் படித்த கிதாபுகள் சொல்கின்றன. அது இறைவனின் இரக்கம் என்று பாடம் நடத்தியவன் நான். எனக்கே வந்தபோது, என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதுபோல இருந்தது. சிறுநீர்ப் பையும் மூக்கில் குழாயுமாகக் கிடந்த உடம்பைப் பார்த்து, நீ சுத்தமில்லாதவன் என்று எனக்குள்ளே இருந்த ஹஜ்ரத் சொல்லிக்கொண்டே இருந்தான். ஊருக்கு இத்தனை வருடம் சொன்ன குரலேதான் அது.

எஸ்தர் சிஸ்டர் என்று ஒரு நர்ஸ். போளூர் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். என்னைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். "ஐயா, இப்ப வலது பக்கம் திருப்பப் போறேன். கொஞ்சம் வலிக்கும்." தொழுகிறவர் என்று தெரிந்து, முதலில் கைகளையும் முகத்தையும் கால்களையும் துடைப்பாள். ஷகீலாதான் அந்த வரிசையைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மருந்துப் பெட்டியின் அட்டை ஒன்றை எஸ்தர் சிஸ்டர் கிழித்து, உயிரெழுத்துகளை மேலே, மெய்யெழுத்துகளைக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒரு பலகையாக்கினாள். விரலை எழுத்து எழுத்தாக நகர்த்துவாள். வேண்டிய எழுத்து வந்ததும் நான் மேலே பார்க்க வேண்டும். ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

முதலில் 'தண்ணி' என்று எழுதினேன். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். பிறகு 'கால்', 'வலி', 'ஷகீலா'. பத்தொன்பதாவது நாளோ இருபதாவது நாளோ, பார்வை நேரத்தில் ஷகீலாவும் பக்கத்தில் இருக்கும்போது, 'போதும்' என்று எழுதினேன். சளி உறிஞ்சியது போதும் என்று எஸ்தர் சிஸ்டர் நினைத்துக் குழாயை வைத்துவிட்டாள். நான் மறுபடி பலகையைப் பார்த்தேன். எழுத்து எழுத்தாக, 'மூச்சுக் குழாயை எடு.'

விரல் கடைசி எழுத்தில் நின்றது.

"அது என்னால முடியாதுங்க ஐயா," என்றாள். "வேற எதுன்னாலும் கேளுங்க."

நான் ஷகீலாவைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கெஞ்சுவதற்குக் கண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் நான் எழுதியது என்ன என்று எனக்கு உறைத்தது. குழாயை எடுத்தால் சாவேன் என்று தெரியும். தெரிந்துதான் கேட்டேன். கையில் பலம் இருந்திருந்தால் யாரையும் கேட்டிருக்கமாட்டேன், நானே பிடுங்கியிருப்பேன். நாற்பது வருடம் ஓதியவன், ஊருக்கு மார்க்கம் சொன்னவன், இருபது நாள் வலியில் அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். யூசுப் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவன். அவன் வலி எந்த இயந்திரத்திலும் எண்ணாகத் தெரியவில்லை. குர்ஆனில் ஒன்றைத் தவிர ஒவ்வொரு அத்தியாயமும் ரஹ்மான், ரஹீம் என்ற இரண்டு பெயர்களோடு தொடங்குகிறது. இரண்டும் இரக்கத்தைச் சொல்பவை. தாயின் கருப்பைக்கும் அரபியில் அதே வேரிலிருந்துதான் பெயர் என்று எத்தனை வெள்ளிக்கிழமை சொல்லியிருப்பேன். சொன்னதெல்லாம் நாக்கோடு நின்றுவிட்டது. மூடாத கண்களிலிருந்து நீர் வழிந்தது. நர்ஸ் மருந்து கசிகிறது என்று நினைத்துத் துடைத்தாள்.

மறுநாள் மதியம் காதர் பாய் வந்தார். ஷகீலா மாற்றுத் துணி எடுத்துவர ஆரணிக்குப் போயிருந்தாள். இந்த இருபது நாளில் அவர் எத்தனை முறை வந்தார், யார் சொல்லி வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருவரை மட்டுமே உள்ளே விடுவார்கள், அதுவும் அரைமணி நேரம். பெரும்பாலும் வெளியே பெஞ்சில் இருந்திருக்கிறார். அன்று உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு, என் கண்ணுக்கு நேராக முகம் வரும்படி உட்கார்ந்தார்.

"நீங்க பலகையில எழுதினத உங்க வீட்டம்மா சொன்னாங்க, ஹஜ்ரத்."

நான் பக்கவாட்டில் பார்வையைத் திருப்பினேன். அவர் நகர்ந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"யூசுப்பும் அதத்தான் சொல்லிகினு இருந்தான். போதும்பா, போதும்பான்னு. நான் இன்னாடா போதும், ஜல்தியா சாப்ட்டு வேலைக்குப் போன்னு சொன்னேன். அன்னிக்குக் காலையிலயும் சொன்னான். ஸ்கூல் பசங்கள ஏத்தணும், நேரமாவுதுன்னு கெளம்பிட்டேன். ஒரு பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்திருக்கலாம். உக்காரல."

இயந்திரம் எனக்காக இரண்டு மூச்சு விட்டது. அவர் தொடர்ந்தார்.

"உங்கள நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. மன்னிக்கல. முடியல. மும்தாஜும் அப்படித்தான். ஆனா நீங்க போதும்னு சொன்னீங்கன்னு கேட்ட பிறகு வீட்ல இருக்க முடியல. அதான் வந்துட்டேன். அரைமணி நேரம் உக்காந்துட்டுப் போறேன். நாளைக்கும் வருவேன்."

பலகையை எடுத்தார். அவருக்கு விரலை நகர்த்தும் வேகம் பிடிபடவில்லை. வேகமாகப் போனார், திரும்ப வந்தார். 'யூசுப்' என்று எழுதி முடிக்கவே நேரம் ஆனது. அதற்குமேல் எழுத ஆரம்பித்தபோது பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"இப்ப வேணாம். வாயால சொல்லுங்க. வாய் வர்ற வரைக்கும் இருங்க."

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ் பிடித்து வருவார். அவரும் நோன்பு. பேச ஒன்றும் இருக்காது. தெருவில் குழி தோண்டியதை, நூல் விலையை, எங்கள் வீட்டுப் பூனையைச் சொல்வார். சில நாள் கையைப் பிடித்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். அவர் பிடித்திருப்பது என் கை இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பிடியின் சூடு குறையவில்லை. மன்னிக்காத ஒருவரிடமிருந்து இரக்கம் வரும் என்று நான் எந்த மதரசாவிலும் படித்ததில்லை.

வாய்க்குழாயை நீண்ட நாள் வைக்க முடியாது என்று தொண்டையில் துளை போட்டு அங்கே மாற்றினார்கள். ஒரு முறை நிமோனியா வந்து, ஷகீலாவிடம் எதற்கும் தயாராக இருக்கச் சொன்னார்கள். அவள் அன்று எனக்காகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத ஆரம்பித்து, அது சாகிறவர்களுக்கு ஓதுவது என்று பாதியில் நிறுத்திவிட்டாளாம். மகன் லீவு கிடைத்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனான். மகள் என் தாடியைக் கழுவிச் சீவிவிட்டாள். நோன்புப் பெருநாளும் வந்து போனது. அதற்கடுத்த வாரம் இடது தோள் அசைந்தது. எஸ்தர் சிஸ்டர் மற்ற நர்சுகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இயந்திரத்தை முதலில் ஐந்து நிமிடம் நிறுத்தினார்கள், பிறகு கால் மணி, பிறகு ஒரு மணி. எழுபத்தாறு நாள் கழித்து ஸ்ட்ரெச்சரில் ஆரணிக்கு வந்தேன். உட்காரப் பழக இரண்டு மாதம். வாக்கரைப் பிடித்து நிற்க இன்னும் மூன்று மாதம். பாதம் இரண்டும் இன்னும் தொங்குகின்றன, பட்டை கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். தொண்டைத் துளை மூடிவிட்டது. குரல் மட்டும் பழைய குரல் இல்லை. ஜமாஅத் வேறு இமாமை நியமித்துவிட்டது. அது சரிதான்.

வாய் வந்ததும் காதர் பாயிடம் சொன்னேன். "நான் செஞ்சது தப்பு." அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை புது இமாமிடம் அனுமதி கேட்டு, தொழுகைக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லோர் முன்னும் பேசினேன். யூசுபின் ஜனாஸாவுக்கு நான் போகாதது தவறு, மார்க்கத்தில் அப்படிச் செய்ய இடம் இருந்தது, ஆனால் கட்டாயம் இல்லை, நோயாளிப் பிள்ளை என்று தெரிந்தே செய்தேன் என்றேன். முதல் வரிசையில் சிலர் முகம் சுளித்தார்கள். முத்தவல்லி, அதாவது பள்ளிவாசல் நிர்வாகி, வெளியே வந்ததும் சொன்னார்: "முடிஞ்சு போனது எதுக்கு, ஹஜ்ரத்? நாலு பேருக்கு இது தைரியம் குடுக்காதா?"

"ஏற்கெனவே போதும்னு நெனச்சிகினு இருக்கற ஒருத்தனுக்கு, நம்ம வாசல் தொறந்திருக்குன்னு தெரியட்டும்," என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. இன்றும் இல்லை.

சென்ற மாதம் காதர் பாய் வீட்டுக்கு வந்தார். திண்பண்டப் பொட்டலம் ஒன்றை ஷகீலாவிடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும், ஹஜ்ரத். ஜனாஸாவுல தக்பீர் ஒண்ணு கொறஞ்சா தொழுகை கூடுமா?"

ஜனாஸாவில் நின்றபடியே நான்கு முறை 'அல்லாஹு அக்பர்' சொல்ல வேண்டும். குறைந்தால் தொழுகை நிறைவேறாது. சொன்னேன்.

"அன்னிக்கு நான் தொழ வெச்சப்போ மூணு சொன்னனா நாலு சொன்னனான்னு தெரியல. நடுவுல மறந்துட்டேன். பின்னாடி நின்னவங்கள கேட்டா ஒருத்தர் மூணுன்றார், ஒருத்தர் நாலுன்றார். மும்தாஜ் கேட்டுகினே இருக்கறா, புள்ளைக்குத் தொழுகை கூடிச்சான்னு. கூடிச்சு கூடிச்சுன்னு சொல்லிகினு இருக்கறேன்."

இத்தனை மாதமும் இதை வைத்துக்கொண்டுதான் என் கட்டிலருகே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இறைவன் உங்கள் மனதை ஏற்றுக்கொள்வான் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் ஒரு தாய்க்கு அது போதாது. இரண்டு நாள் கிதாபுகளைப் புரட்டினேன். விரல் சரியாக வராததால் ஷகீலா பக்கங்களைத் திருப்பினாள். நான் பின்பற்றும் மத்ஹபில், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவில், இத்தனை காலம் ஆன பிறகு கபர் என்கிற புதைத்த இடத்தின் முன்னால் நின்று ஜனாஸா தொழ இடமில்லை. இன்னொரு மத்ஹபில் இருக்கிறது. ஒருவர் இறந்த அன்று உயிரோடு இருந்து, அவருக்காகத் தொழக் கடமைப்பட்டிருந்தவர்கள் பிறகும் தொழலாம். அன்று கடமைப்பட்டிருந்தவர்களில் முதல் ஆள் நான். முன்பு கடினமான கருத்தைத் தேடி எடுத்தேன். இந்த முறை இளகினதைத் தேடி எடுத்தேன். இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருந்தன.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு அவருடைய ஆட்டோவில் கபரஸ்தானுக்குப் போனோம். ஷகீலாவும் வந்தாள். மும்தாஜும் வந்தாள், ஆனால் இடுகாட்டுக்குள் வரவில்லை. வாசலில் வண்டியிலேயே, முகத்தை மறுபக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். ஷகீலா அவள் பக்கத்தில் இருந்தாள். யூசுபின் கபர் வாசலை ஒட்டிய சுவரோரம். மேலே காட்டுச் செடி முளைத்திருந்தது. காதர் பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். நான் அதைப் பிடித்து நின்று பார்த்தேன். முதல் தக்பீர்வரை கால் தாங்கியது. பிறகு உட்கார்ந்துதான் தொழ வைத்தேன். பின்னால் அவர் ஒருவர்தான். என் உடைந்த குரலை எவ்வளவு எழுப்ப முடியுமோ அவ்வளவு எழுப்பி நான்கு தக்பீரும் சொன்னேன். நான்காவதில் தொண்டைத் தழும்பு வலித்தது. அவனுடைய பெயரையும் அவன் தாயின் பெயரையும் சொல்லிப் பிழை பொறுக்கக் கேட்டேன். என் பிழையையும் கேட்டேன்.

திரும்பி வர நேரம் ஆனது. காதர் பாய் என் இடுப்பில் கைகொடுத்து வண்டியில் ஏற்றினார். முன்னால் உட்கார்ந்து, திரும்பாமல் மனைவியிடம் சொன்னார்: "ஹஜ்ரத் நாலும் சொல்லிட்டார்."

மும்தாஜ் என்னைப் பார்க்கவில்லை.

"நானும் எண்ணிகினுதான் இருந்தேன்," என்றாள். "வண்டிய எடு."